பிடித்ததால் எடுத்தோமா, எடுத்ததால் பிடித்ததா? தேர்வுகள் நம் விருப்பத்தை மாற்றும் விதம்: முழுமையான வழிகாட்டி

இரண்டு வேலை வாய்ப்புகள் கையில் இருக்கின்றன. சம்பளம், பயண தூரம், வேலையின் தன்மை எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். நாள்கணக்கில் குழம்பி, நாலு பேரிடம் கேட்டு, கடைசியில் ஒன்றை ஏற்றுக்கொள்கிறோம். சில மாதம் கழித்து யாராவது விசாரித்தால், "இதுதான் சரின்னு எனக்கு அப்பவே தெரியும்" என்கிறோம். விட்டுவிட்ட வேலையைப் பற்றிக் கேட்டாலோ முகத்தைச் சுளிக்கிறோம். அந்த வேலை அன்று இருந்தபடியேதான் இன்றும் இருக்கிறது. நடுவில் நடந்தது ஒன்றுதான்: அதை வேண்டாம் என்று சொன்னோம்.

பிடித்ததைத்தான் எடுக்கிறோம் என்று எல்லோரும் நம்புகிறோம். அது பாதி உண்மை. எடுத்த பிறகு அதைப் பிடிக்கவும் வைத்துக்கொள்கிறோம். ஏறக்குறைய 70 ஆண்டுகளாக ஆய்வாளர்கள் துருவிக்கொண்டிருப்பது இந்த இரண்டாவது பாதியைத்தான். இதை உங்கள் மேலேயே எப்படிச் சோதித்துப் பார்ப்பது, மூளையில் என்ன நடக்கிறது, தெரிந்துகொண்டு முடிவெடுக்கும்போது என்ன செய்வது என்று படிப்படியாகப் பார்க்கலாம். இரண்டாம் படியும் மூன்றாம் படியும் கொஞ்சம் நீளம். சரக்கு அங்கேதான் இருக்கிறது.

படி 1: முதலில் உங்களையே சோதித்துப் பாருங்கள்

1956-இல் ஜாக் பிரெம் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவிகளிடம் எட்டு வீட்டு உபயோகப் பொருள்களைக் காட்டி, எது எவ்வளவு பிடிக்கிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார். பிறகு அவற்றில் இரண்டை எடுத்து, "ஒன்று உங்களுக்குப் பரிசு, எது வேண்டும்?" என்றார். தேர்ந்தெடுத்த பிறகு மறுபடியும் எல்லாவற்றுக்கும் மதிப்பெண். எடுத்த பொருளின் மதிப்பெண் ஏறியிருந்தது, விட்ட பொருளுடையது இறங்கியிருந்தது. இரண்டும் முதலில் நெருக்கமான மதிப்பெண் வாங்கியிருந்தால் விலகல் இன்னும் அதிகம்.

இதைச் செய்ய ஆய்வுக்கூடம் வேண்டாம். இதுவரை பார்க்காத இருபது படங்களைத் திரட்டிக்கொள்ளுங்கள். இயற்கைக் காட்சி, ஓவியம், எதுவானாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, தாளை மடித்துக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். மறுநாள், வேறு யாரையாவது அந்தத் தாளைப் பார்த்து ஒரே மதிப்பெண் வாங்கிய படங்களை ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை அவர் உங்களிடம் சொல்லக் கூடாது. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சும்மா விரலால் காட்டினால் போதாது. தேர்ந்தெடுத்ததை உங்கள் திரையிலோ சுவரிலோ நிஜமாகவே வைப்பதாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்துப் படங்களைக் கலைத்துப்போட்டு, பழைய தாளைப் பார்க்காமல் மறுபடி மதிப்பெண் போடுங்கள்.

அப்புறம் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எடுத்த படங்களின் ஏற்றத்தையும் விட்ட படங்களின் இறக்கத்தையும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள். பலர் ஏற்றத்தை மட்டும் தேடுவார்கள். இறக்கத்தையும் அதே கவனத்தோடு பாருங்கள்.

படி 2: சோதனையில் இருக்கும் ஓட்டையை அடைத்துவிடுங்கள்

எடுத்த படங்களுக்கும் விட்ட படங்களுக்கும் நடுவே மதிப்பெண் இடைவெளி கிடைத்துவிட்டதா? அவசரப்பட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். இந்தச் சோதனையில் ஓர் ஓட்டை இருக்கிறது. 50 ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரும்பாலானோர் கண்ணில் அது படவில்லை. கண்டுபிடித்தவர் கீத் சென் என்ற பொருளாதார அறிஞர்.

கதை குரங்கிலிருந்து தொடங்குகிறது. 2007-இல் யேல் பல்கலைக்கழகத்தில் லூயிசா ஈகன், லாரி சான்டோஸ், பால் புளூம் மூவரும் நான்கு வயதுக் குழந்தைகளிடமும் கபுச்சின் குரங்குகளிடமும் இதைச் சோதித்தார்கள். ஒரே அளவு பிடித்த மூன்று நிற மிட்டாய்கள் என்று வையுங்கள்: சிவப்பு, நீலம், பச்சை. குரங்கு சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே சிவப்பை எடுக்கிறது. அடுத்து, விட்ட நீலத்தையும் புதிதாகப் பச்சையையும் நீட்டினால் பெரும்பாலும் பச்சைக்குப் போகிறது. 'விட்டதன் மேல் பிடித்தம் குறைந்துவிட்டது' என்பது ஆய்வாளர்களின் முடிவு.

சென் கேட்டது இதுதான். குரங்குக்கு மூன்றும் துல்லியமாகச் சமம் என்று எப்படித் தெரியும்? நம் அளவுகோலுக்குப் பிடிபடாத சிறு வித்தியாசம் இருக்கலாமே? அப்படி இருந்தால், மூன்று நிறங்களை ஆறு விதமாக வரிசைப்படுத்தலாம். சிவப்பு நீலத்தை முந்தும் வரிசைகள் மூன்று: சிவப்பு–நீலம்–பச்சை, சிவப்பு–பச்சை–நீலம், பச்சை–சிவப்பு–நீலம். இந்த மூன்றில் இரண்டில் பச்சை நீலத்துக்கு முன்னால் வருகிறது. ஆக, குரங்கின் மனம் அணுவளவும் மாறாவிட்டாலும் மூன்றுக்கு இரண்டு முறை அது பச்சையைத்தான் எடுக்கும். தேர்வு எதையும் மாற்றவில்லை, ஏற்கெனவே இருந்த வித்தியாசத்தை வெளியே காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

பிரெமின் முறையிலும் இதே சிக்கல் உண்டு. இரண்டு படங்களுக்கும் 6 போட்டீர்கள். உள்ளுக்குள் ஒன்று 6.4, மற்றது 5.6 ஆக இருக்கலாம். 6.4-ஐத்தான் தேர்ந்தெடுப்பீர்கள். மறுபடி மதிப்பெண் போடும்போது கை அதனதன் உண்மையான இடத்தை நோக்கி நகரும். தாளில் இடைவெளி தெரியும், மனதில் எதுவும் நடந்திருக்காது. 2010-இல் சென், ஜேன் ரைசன் இருவரும் இதைக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். என்னைக் கேட்டால், இந்தத் துறையில் எழுதப்பட்டவற்றில் மிக நேர்த்தியான விமர்சனம் அது.

இதற்குப் பரிகாரம் எளிது. இன்னொரு இருபது படங்களை எடுத்து, இந்த முறை வரிசையை மாற்றுங்கள். மதிப்பெண், சில நாள் கழித்து மீண்டும் மதிப்பெண், தேர்வு கடைசியில். இங்கே இரண்டு மதிப்பெண்களும் தேர்வுக்கு முந்தியவை. ஆகவே இந்தத் தொகுப்பில் தெரியும் இடைவெளி முழுவதும் அந்த ஓட்டையின் வேலை. முதல் தொகுப்பின் இடைவெளியிலிருந்து இதைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் தேர்வு செய்த மாற்றம்.

இப்படி ஓட்டையை அடைத்துச் செய்த 43 ஆய்வுகளை 2021-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். விளைவு மறைந்துபோகவில்லை. நடுத்தரத்துக்குச் சற்றுக் கீழான அளவில் நிலைத்து நின்றது. ஒருவரிடம் ஒருமுறை சோதித்தால் தெரியாமலும் போகலாம், பலரிடம் சோதித்தால் தப்பாமல் தெரியும், அந்த அளவு. உங்கள் தாளில் எதுவும் மிஞ்சவில்லை என்றால் ஆச்சரியப்பட வேண்டாம்.

படி 3: மூளைக்குள் எட்டிப் பாருங்கள்

மூளையின் ஆழத்தில், இரு பக்கமும், ஸ்ட்ரயாட்டம் என்ற பகுதி இருக்கிறது. டோபமைன் என்ற, ஊக்கத்தோடும் பரிசோடும் தொடர்புடைய ரசாயனத்தைச் சுரக்கும் நரம்புகள் வந்து சேரும் முக்கியமான இடம். ஒன்றை எதிர்பார்க்கும்போது 'இது எவ்வளவு நன்றாக இருக்கும்' என்ற மதிப்பு இங்கே பதிவாகிறது. அதன் ஒரு கூறு காடேட்.

2009-இல் லண்டனில் டாலி ஷாரோட், பெனடெட்டோ டி மார்ட்டினோ, ரே டோலன் மூவரும் ஆட்களை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, பல சுற்றுலா இடங்களின் பெயரைக் காட்டி, அங்கே போவதாகக் கற்பனை செய்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். அடுத்து, சமமாக மதிப்பெண் பெற்ற இடங்களுக்கு நடுவே தேர்வு. மீண்டும் கற்பனை, மீண்டும் மதிப்பெண். தேர்ந்தெடுத்த இடத்தைக் கற்பனை செய்தபோது காடேட்டின் செயல்பாடு முன்பைவிடக் கூடியிருந்தது, விட்ட இடத்துக்குக் குறைந்திருந்தது. அதாவது வாய் மட்டும் 'பிடிக்கும்' என்று மாற்றிச் சொல்லவில்லை, மதிப்பைக் குறிக்கும் இடத்திலேயே மாற்றம் தெரிந்தது. இன்னொன்றையும் கவனித்தார்கள். தேர்வுக்கு முன்பு எடுத்த பதிவிலேயே, மதிப்பெண் சமமாக இருந்தாலும், எதைத் தேர்ந்தெடுக்கப்போகிறார்கள் என்பதற்கான சாயல் காடேட்டில் இருந்தது. சென் சொன்னதும் சரி, பிரெம் சொன்னதும் சரி. தேர்வு இருப்பதைக் காட்டவும் செய்கிறது, இல்லாததைச் சேர்க்கவும் செய்கிறது.

யார் இந்த மாற்றத்தைத் தூண்டுவது? நெற்றிக்குப் பின்னால், நடுக்கோட்டை ஒட்டிய மேற்பகுதியில், முரண்பாட்டைக் கண்காணிக்கும் ஓரிடம் உண்டு. முன் சிங்குலேட் புறணியும் அதை ஒட்டிய நடு முன்மூளையும். 'எனக்கு அதுவும் பிடித்திருந்தது, ஆனால் வேண்டாம் என்றேன்' என்ற உறுத்தலுக்கு லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1957-இல் கொடுத்த விளக்கம்தான் அறிவாற்றல் முரண்பாடு. 2010-இல் கெய்ஸ் இசுமாவும் குழுவினரும் உணவுப் பொருள்களை வைத்துச் செய்த ஸ்கேனில், அந்த உறுத்தல் கூடக்கூட இந்தப் பகுதியின் செயல்பாடும் கூடியது.

ஸ்கேனில் ஓரிடம் ஒளிர்ந்தால் அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. அதனால் 2015-இல் இசுமாவின் குழு இன்னொரு வேலை செய்தது. மண்டைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்புகள் கொடுத்து அந்த நடு முன்மூளைப் பகுதியைத் தற்காலிகமாக அடக்கிவைத்தார்கள். தேர்வுக்குப் பின்னான விருப்ப மாற்றமும் குறைந்தது. அந்த இடத்துக்கு இதில் நிஜமாகவே பங்கு இருக்கிறது என்பதற்கு ஸ்கேன் படத்தைவிட இது வலுவான சான்று.

மூன்றாவதாக, கற்றல். மைக்கேல் ஃபிராங்கும் சக ஆய்வாளர்களும் 2014-இல் காட்டியது இது: சோதனையில் காட்டிய படச் சின்னங்களில் நல்ல பலன் தந்தவற்றுள், தாங்களே தேர்ந்தெடுத்ததை ஆட்கள் அதிகம் விரும்பினார்கள். அதே அளவு பலன் தந்தும், கையில் திணிக்கப்பட்ட சின்னத்துக்கு அந்த மவுசு இல்லை. நம் கையால் எடுத்தது நல்லபடி முடிந்தால் மூளை அந்த வெற்றியைக் கொஞ்சம் உரக்கப் பதிவுசெய்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

இதற்கு மொழியோ தர்க்கமோ தேவையா? குழந்தைகளைப் பார்த்தால் தேவையில்லை போலத்தான் தெரிகிறது. 2020-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 10 முதல் 20 மாதக் குழந்தைகளுக்கு முன்னால் ஒரே மாதிரி கவர்ச்சியான இரண்டு பொம்மைக் கட்டைகளைத் தள்ளித்தள்ளி வைத்தார்கள். குழந்தை தவழ்ந்து ஒன்றை எடுக்கும். பிறகு, விட்ட கட்டையையும் புதுக் கட்டையையும் வைத்தால் பெரும்பாலும் புதியதை நோக்கிப் போனது. கட்டையைப் பெரியவர்களே எடுத்துக் கொடுத்தபோது அந்தச் சாய்வு இல்லை. சாக்குச் சொல்லத் தெரியாத வயதிலேயே இது தொடங்கிவிடுகிறது.

படி 4: எப்போது நடக்கும், எப்போது நடக்காது என்று தெரிந்துகொள்ளுங்கள்

'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்' என்ற நரிக்கு அந்தப் பழம் எட்டவில்லை. நமக்கு இரண்டு பழமும் எட்டுகிறது. ஒன்றை நாமே விட்டுவிட்டு அதைப் புளிக்கும் என்கிறோம். நாமே விட்டோம் என்பதுதான் முதல் நிபந்தனை.

ஷாரோட் 2010-இல் இதை நேரடியாகவே சோதித்தார். இரண்டு சுற்றுலா இடங்களின் பெயர் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் திரையில் வந்துபோகும், உள்ளுணர்வால் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றார். உண்மையில் திரையில் எந்தப் பெயரும் வரவில்லை. பொத்தானை அழுத்திய பிறகு 'நீங்கள் தேர்ந்தெடுத்தது இது' என்று ஓர் இடத்தைக் காட்டினார்கள். அந்த இடத்தின் மதிப்பெண் ஏறியது. கணினியே தேர்ந்தெடுத்ததாகச் சொன்னபோது ஏறவில்லை. இங்கே சென் சொன்ன ஓட்டைக்கு இடமே இல்லை, ஏனென்றால் எந்த ரகசிய விருப்பமும் வெளிப்பட வழியில்லை. குழந்தைகளிடமும் குரங்குகளிடமும் இதே போன்ற கண்மூடித் தேர்வை வைத்து யேல் குழுவும் அதே ஆண்டு விளைவைக் காட்டியது.

ஸ்வீடனில் பீட்டர் ஜோஹான்சன், லார்ஸ் ஹால் குழுவினர் 2005-இல் செய்தது இன்னும் வேடிக்கை. இரண்டு முகப் படங்களில் பிடித்ததைக் காட்டச் சொல்லி, மேஜை வித்தைக்காரர் போலக் கைமாற்றி மற்றப் படத்தைக் கொடுத்தார்கள். பெரும்பாலானோர் கவனிக்கவே இல்லை. 'ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தீர்கள்?' என்றால், காதணி பிடித்திருந்தது என்று காரணமும் சொன்னார்கள். அவர்கள் உண்மையில் தேர்ந்தெடுத்த முகத்தில் காதணி கிடையாது. அதே குழு பின்னால் செய்த ஆய்வில், இப்படிக் கைமாறி வந்த முகங்களை அடுத்த சுற்றில் ஆட்கள் தாங்களாகவே தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்கள்.

இரண்டாவது நிபந்தனை நெருக்கம். ஒன்று தெளிவாக மேலானது என்றால் உறுத்தலும் இல்லை, மாற்றமும் அநேகமாக இல்லை.

மூன்றாவது, நினைவு. இதில் சண்டை இன்னும் ஓயவில்லை. 2001-இல் மேத்யூ லீபர்மன் குழு, புதிய நினைவுகள் தங்காத மறதி நோயாளிகளிடமும் இந்த மாற்றம் நடப்பதாகச் சொன்னது. 2014-இலும் 2017-இலும் பிரெஞ்சு ஆய்வாளர்கள், தேர்வு நினைவில் இருந்தால்தான் மாற்றம் நடக்கிறது என்று கண்டார்கள். பழைய ஆய்வு சென்னின் விமர்சனத்துக்கு முந்தியது என்பதால், நான் பின்னதன் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். நினைவில் நின்றால் நீடிக்கவும் செய்கிறது. 2012-இல் வெளியான ஆய்வில், மூன்று ஆண்டு நெருங்கும் நேரத்திலும் மதிப்பெண் மாற்றம் அப்படியே இருந்தது.

ஓர் எச்சரிக்கை. இதன் உறவுக்காரச் சோதனை ஒன்று உண்டு. தன் கருத்துக்கு எதிராகக் கட்டுரை எழுத வைத்து, கருத்து மாறுகிறதா என்று பார்ப்பது. 39 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து அதை மறுபடி செய்து 2024-இல் வெளியிட்டன. கருத்து நகர்ந்தது, ஆனால் 'உங்கள் விருப்பம்தான்' என்று சொன்னதால் கூடுதலாக நகரவில்லை. முரண்பாட்டுக் கோட்பாடு எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

படி 5: முடிவுக்கு முன்பே எழுதி வையுங்கள்

1968-இல் நாக்ஸ், இங்க்ஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் கனடாவின் வான்கூவர் நகரக் குதிரைப் பந்தய மைதானத்தில் 2 டாலர் பந்தயச் சாளரத்துக்கு அருகே நின்றார்கள். பணம் கட்டப் போகிறவர்களிடமும், கட்டிவிட்டுத் திரும்புகிறவர்களிடமும் 'உங்கள் குதிரை ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு?' என்று கேட்டார்கள். ஏழு புள்ளி அளவுகோலில் முன்னவர்களின் சராசரி 3.48, பின்னவர்களுடையது 4.81. நடுவில் சில நொடிகள், ஒரு சீட்டு. குதிரைக்கு எதுவும் தெரியாது.

ஆகவே முடிவெடுத்த பிறகு உங்கள் சாட்சியத்தை நம்பாதீர்கள். முந்தின நாளே எழுதுங்கள்: ஒவ்வொரு வாய்ப்பிலும் எது பிடிக்கிறது, எது உறுத்துகிறது, எந்த அம்சத்துக்கு எவ்வளவு எடை, என்ன நடந்தால் இந்த முடிவு தவறு என்று ஒப்புக்கொள்வேன். கடைசிக் கேள்விதான் முக்கியம். 'ஆறு மாதத்துக்குள் இன்ன வேலையைக் கற்றுக்கொள்ளாவிட்டால்' என்பதுபோலச் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். தேதி போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து 'அதெல்லாம் எனக்கு முக்கியமே இல்லை' என்று தோன்றும். அப்போது அந்தத் தாளை எடுத்துப் படியுங்கள்.

படி 6: சமமான தேர்வில் கதவைச் சாத்துங்கள்

டேனியல் கில்பர்ட், ஜேன் எபர்ட் இருவரும் ஹார்வர்டில் ஒரு புகைப்பட வகுப்பு நடத்தினார்கள். மாணவர்கள் தாங்கள் எடுத்த படங்களில் இரண்டை அச்சிட்டு, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். சிலருக்கு, சில நாளில் மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம் என்று சலுகை. மற்றவர்களுக்கு எடுத்தது எடுத்ததுதான். 2002-இல் வெளியான முடிவு: சலுகை பெற்றவர்களுக்குத்தான் தங்கள் படம் குறைவாகப் பிடித்தது. ஆனால் முன்கூட்டியே கேட்டால், பெரும்பாலோர் மாற்றிக்கொள்ளும் வசதியைத்தான் விரும்பினார்கள்.

அலசிய பிறகும் இரண்டும் சமமாகவே நின்றால், இன்னும் அலசுவதில் பயன் குறைவு. ஒரு நாள் குறித்துக்கொண்டு அன்றைக்கு முடிவெடுங்கள். அப்புறம் விட்டதைப் பற்றிய பக்கங்களைத் தேடிப் பார்ப்பதையும் ஒப்பிடுவதையும் நிறுத்துங்கள். மீதியை ஸ்ட்ரயாட்டம் பார்த்துக்கொள்ளும்.

இது சுவை சார்ந்த, விளைவு ஏறக்குறைய ஒன்றேயான தேர்வுகளுக்கு மட்டும். கடன், சிகிச்சை, முதலீடு போன்றவற்றில் புதுத் தகவல் வந்தால் கதவு திறந்தே இருக்க வேண்டும். நஷ்டத்தில் ஓடும் முதலீட்டின் மேல் பிரியம் வந்துவிட்டால் நஷ்டம் குறையாது. அங்கே ஐந்தாம் படியின் தாள்தான் துணை.

குழந்தை வளர்ப்பவர்களுக்கு ஓர் இடைச்செருகல். இது ஆய்வு சொன்னதல்ல, என் ஊகம். குழந்தை இரண்டு புத்தகங்களையும் படிக்க வேண்டும் என்று நினைத்தால் 'இது வேண்டுமா, அது வேண்டுமா?' என்று கேட்காதீர்கள். விட்டதன் மேல் ஆசை குறையலாம். 'எதை முதலில் படிக்கலாம்?' என்று கேளுங்கள்.

படி 7: விட்டதற்கு மறுவாய்ப்பு கொடுங்கள், அடுத்தவரிடம் சரியாகக் கேளுங்கள்

விட்டதை மறுபடி தொடுவதில்லை. தொடாததால் அது நல்லதா என்று தெரிய வழியும் இல்லை. முதல் தேர்வு தற்செயலாக நடந்திருந்தாலும், பத்தாவது தேர்வுக்குள் அது 'என் ரசனை' ஆகிவிடுகிறது. ஆகவே அவ்வப்போது, செலவு குறைந்த விஷயங்களில், பழைய நிராகரிப்பு ஒன்றை எடுத்துப் பாருங்கள். முடிந்தால் பெயர் தெரியாமல். ஒரு பாடகர் பிடிக்காது என்று ஒதுக்கியிருந்தால், யார் பாடுகிறார்கள் என்று சொல்லாமல் வேறு சிலரின் பாடல்களோடு கலந்து ஒலிக்கவிடச் சொல்லி மதிப்பெண் போடுங்கள்.

அடுத்தவரிடம் யோசனை கேட்கும்போதும் இதே கணக்குதான். ஒரு படிப்பில் சேரலாமா என்று அதில் சேர்ந்தவரிடம் மட்டும் கேட்டால் ஏறிய மதிப்பெண் கிடைக்கும், அதை விட்டு வேறொன்றில் சேர்ந்தவரிடம் மட்டும் கேட்டால் இறங்கிய மதிப்பெண். இரண்டு பேரிடமும் 'உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?' என்று கேட்க வேண்டாம். சேர்ந்தவரிடம், போன வாரம் எத்தனை மணி நேரம் எதற்குச் செலவானது என்று கேளுங்கள். விட்டவரிடம், முடிவெடுப்பதற்கு முந்தின நாள் அதில் என்ன பிடித்திருந்தது என்று கேளுங்கள்.